‘எம்’மில் இறுகிப்போன கேமரா

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நான் எடுத்த முதல் படம் கறுப்பாக வந்தது. இரண்டாவது, சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாக வந்தது. மூன்றாவதற்கு ஒரு கரும்பு லாரியைக் குறிவைத்துக் கேமராவின் சக்கரங்களைத் திருகிக்கொண்டிருந்தேன். அதற்குள் லாரி போய்விட்டது.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, பேப்பர்காரங்களா?”

“இல்லக்கா, கல்யாணத்துக்கு வந்திருக்கேன்.”

“கல்யாணத்துக்கு வந்துட்டுத் தலையில பூ இல்லாம நிக்கிற?” என்று சொல்லிக்கொண்டே ஒரு முழம் அளந்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். “அசையாதீங்க, மூச்ச இழுத்துப் பிடிங்க, விடலாம்” என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஓட்டலில் தோசை வருவதற்குள் இரண்டு முறை கை கழுவிவிட்டு வருவேன். பஸ் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே நிலையத்துக்குப் போய், நின்றுகொண்டே இருப்பேன். சேர்ந்து கிடந்த விடுப்பை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தால் அலமாரிகளை மாற்றி மாற்றி அடுக்குவேன் என்று தெரியும். அதனால் கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பே கிளம்பிவிட்டேன்.

கேமரா பக்கத்து வீட்டுக்காரருடையது. கப்பலில் வேலை கிடைத்துப் போகும்போது மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். “அக்கா, ஒண்ணு சொல்லிருதேன். மேல இருக்க சக்கரம் ‘எம்’முலயே இறுகிட்டு. எப்படித் திருக்கினாலும் அசையாது. பிளாஷும் செத்துப்போச்சு. மத்தபடி தங்கமான கேமரா” என்றார். ‘எம்’ என்றால் எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டும். லென்ஸ் கண்ணாடிக்குள் இருக்கும் துவாரம் எவ்வளவு விரிய வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சில்லு வெளிச்சத்துக்கு எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும். மூன்றே மூன்று எண்கள். எக்ஸ்ரே அறையிலும் நான் மூன்று எண்களைத்தான் வைக்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்தது. எக்ஸ்ரேயில் கதிர் கூடினால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். கேமராவில் நேர் தலைகீழ். படம் வெளுத்து வந்தால் என் கை தானாகவே இன்னும் கூட்டும். அது இன்னும் வெளுக்கும். பதினைந்து வருடப் பழக்கம் விரலில் உட்கார்ந்திருந்தது. மூளை சொல்வதை விரல் கேட்கவில்லை.

கல்யாணம் என் தோழி ஷமீமின் தங்கை ஆப்ரினுக்கு. நானும் ஷமீமும் சென்னையில் ஒரே விடுதி அறையில் இருந்து இந்தப் படிப்பைப் படித்தோம். அவள் படித்து முடித்துவிட்டு, அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் பாத்திரக்கடையைப் பார்க்க ஊருக்குத் திரும்பிவிட்டாள். கடை கீழே, வீடு மேலே. படியேறிப் போனதும் இடியாப்பத்தையும் பாயாவையும் முன்னால் வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சீனியும்தான். ஆட்டுக்கால் ரசத்தில் ஊறிய இடியாப்பம் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போவது வேறு சங்கதி. மூன்றாவது முறை கேட்டு வாங்கினேன்.

உள்ளறையில் ஷமீமின் அம்மா படுத்திருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, குழறித்தான் வரும். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் கையை உருவிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆப்ரின் பி.எட். முடித்தவள். வாயும் உண்டு, வரம்பும் உண்டு. கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்று அவளே விதி போட்டிருந்தாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ எடுத்த அவள் படம் முன்பின் தெரியாதவர்கள் ஸ்டேட்டஸில் எல்லாம் சுற்றியதாம். “வாசல்ல கூடை வெச்சிருப்போம் அக்கா. என் போனும் அதுலதான், ஷமீம் அக்கா போனும் அதுலதான். நாமளே மீறினா அப்பறம் யாரு கேப்பாங்க?” விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் புகைப்படக்காரரை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒருவரிடம் மட்டும்தான் கேமரா இருக்கும்.

மறுநாள் காலை கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினேன். ஊர் எல்லை தாண்டியதும் இரு பக்கமும் மக்காச்சோளம், கரும்பு, மறுபடி மக்காச்சோளம். எங்கள் ஊர் நிலம் உப்பளம். வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். இங்கே வெளிச்சத்தை வயல்கள் குடித்துவிடுகின்றன. மலை ஏற ஏற, பஸ்ஸுக்குள் ஒரு வளைவில் வெயிலும் அடுத்த வளைவில் நிழலும் மாறி மாறி விழுந்தன. நான் எண்களை மாற்றி முடிப்பதற்குள் வளைவு மாறிவிடும். முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலையை மட்டும் ஏழெட்டு விதமான இருட்டில் எடுத்திருக்கிறேன்.

கரியாலூரில் இறங்கி டீ குடித்தேன். கடையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கிடைத்தன. கிழங்கு மாவாக உதிர்ந்தது, துவையல் காதைப் பிடித்து இழுத்தது. சாலையோரம் ஒரு பெண் கிழங்கு மூட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வண்டிக்காக நின்றிருந்தார். ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். நான் துவாரத்தைத் திருகினேன், ஷட்டரைத் திருகினேன், வெளிச்சத்தை அளந்து காட்டும் முள் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது.

“எம்மா, நீ புடிக்கிறதுக்குள்ள கெழங்கு மொளச்சிடும் போலக்குதே” என்றார்.

அவசரத்தில் அழுத்தினேன். திரையை எட்டிப் பார்த்தார். “நான் எங்க? பால் கொட்டினா மாரி இருக்குது.”

“வெளிச்சம் கூடிப்போச்சு அக்கா. இன்னொண்ணு எடுக்கட்டா?”

“எடு, எடு. வண்டி வர்ற வரைக்கும் எடு” என்று சிரித்தார். விரலைப் பார்த்துக்கொண்டே, வெளுத்தால் குறை, வெளுத்தால் குறை என்று வாய்விட்டுச் சொல்லியபடி திருகினேன். ஐந்தாவது படத்தில் அவர் முகமும் மூக்குத்தியும் தெளிவாக வந்தன. அதற்குள் சரக்கு ஆட்டோ வந்து மூட்டை ஏறிவிட்டது. அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

அருவிக்கு நடந்தேன். முந்தின நாள் மழையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. ஷட்டரை மிக வேகமாக வைத்தால் ஒவ்வொரு துளியும் சோளப்பொரி மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. மெதுவாக வைத்துக் கேமராவைப் பாறையில் ஊன்றிக்கொண்டால் தண்ணீர் நூலாக நீள்கிறது, பாறை அப்படியே இருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் மட்டும் புகையாகிப்போனார்கள். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இன்னா அக்கா, எங்கள பேய் ஆக்கிட்டீங்களே” என்றார். அசைந்தது கலையும், அசையாதது தங்கும். இதை நான் எக்ஸ்ரே மேசையில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெளியே, ஓடுகிற தண்ணீரின் முன்னால் நின்று பார்த்தது அன்றுதான்.

திரும்புகிற பஸ் பாதி மலையில் நின்றது. முன்னால் ஒரு வளைவில் கிழங்கு லாரி குடைசாய்ந்து, சாலை முழுக்க மரவள்ளி உருண்டு கிடந்தது. யாருக்கும் அடியில்லை. ஓட்டுநர் சாலையோரம் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி, “கிரேன் வந்துக்கினு இருக்குதாம். உக்காருங்க எல்லாரும்” என்றார்.

நானாவது உட்காருவதாவது. செல்போனில் சிக்னல் இல்லை. பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். ஆட்கள் கிழங்கு பொறுக்கிச் சாலையோரம் குவித்ததைப் படம் எடுத்தேன். பிறகு நானும் கொஞ்ச நேரம் பொறுக்கினேன். கிரேன் வரவில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சரக்கு ஆட்டோ, கொஞ்சம் கிழங்கை ஏற்றிக்கொண்டு கீழே திரும்புவதைப் பார்த்தேன். லாரியோரம் இருந்த இடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் போய், ஓட்டுநரைக் கேட்டு மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு மூட்டை மேல் சாய்ந்து, அடுத்த வளைவில் எதிர் மூட்டை மேல் சாய்ந்து மலையிறங்கினேன்.

வடக்கனந்தல் நெருங்கும்போது சிக்னல் வந்தது. போன் துடிக்க ஆரம்பித்தது. எல்லாம் ஷமீம். “எங்கடி கீற?” “போன எடுடி.” “ஜெசி, சீக்கிரம் வா.” கடைசியாக ஒரு எக்ஸ்ரே படம்.

கைமணிக்கட்டு. எலும்பு முறிந்து பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. படம் நன்றாக எடுத்திருந்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் யாருடைய கை என்று பயம் வந்தது. போன் செய்தேன்.

“போட்டோ எடுக்க வர்ற அக்கா ஸ்கூட்டியில இருந்து வுழுந்துட்டாங்கடி. வலது கை. வேற லேடி போட்டோகிராபர் யாருமே கெடைக்கல, நாலு பக்கமும் கேட்டுட்டோம்” என்றாள் ஷமீம். பிறகு, “உங்கிட்ட கேமரா இருக்குது இல்ல?” என்றாள்.

“ஏட்டி, நான் இப்பத்தான் கத்துக்கிடுதேன். காலைல ஒரு அம்மாவ எடுத்தேன், பால் கொட்டுன மாதிரி வந்துச்சு.”

“நீ மொதல்ல வூட்டுக்கு வா.”

வீட்டில் அவள் என்னைக் கூடத்தில் உட்கார வைக்கவில்லை. நேராக அம்மாவின் அறைக்குக் கூட்டிப்போனாள். மண்டபத்தில் பெண்கள் பகுதி மாடியில். அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவும் வரவில்லை என்று தலையசைத்துவிட்டாராம்.

“அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் ஷமீம். “மாமாவும் சாட்சிங்களும் வந்து பொண்ணுகிட்ட சம்மதம் கேப்பாங்க இல்ல? அப்ப ஆப்ரின் வாயால சம்மதம்னு சொல்லணும். அந்த நேரம் அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு அம்மா பாக்கணுமாம். ஏன்னா இந்த மாப்பிள்ளைய அம்மாதான் பாத்தாங்க, படுக்கையில வுழுறதுக்கு முந்தி. அவளுக்கு மனசார இஷ்டமா, இல்ல தனக்காகத் தலையாட்டுறாளான்னு அம்மாவுக்கு ஒரே ரோசன.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூ...ஞ்சி” என்றார். எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் முழுக்கக் கீழே பாத்திரக்கடையில் பயிற்சி செய்தேன். கல்யாணப் புடவையின் ஜரிகை மாதிரி மின்னும் பொருள் வேறு எங்கே கிடைக்கும்? எவர்சில்வர் அண்டாவைப் பார்த்ததும் கேமராவின் முள் குழம்பிவிடுகிறது. ஐயோ, இவ்வளவு வெளிச்சமா என்று அது பயந்து சொல்வதை நம்பி நான் குறைத்தால், பக்கத்தில் நிற்கும் ஆள் முகம் கரியாகிவிடுகிறது. ஷமீமின் அத்தாவை அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் கன்னத்தைப் பார்த்து எண்களை வைக்கக் கற்றுக்கொண்டேன்.

கடைக்கு வந்த ஒருவர் கேட்டார், “இன்னா பாய், அண்டாவுக்கா கல்யாணம்?”

“இல்லங்க, பழகிக்கினு இருக்காங்க” என்றார் அத்தா, கன்னத்தை அசைக்காமல்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். ஆளில்லாத மாடியில் விளக்கைப் போடச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். படம் முழுக்கப் பத்தமடைப் பாய் மாதிரி குறுக்கே கோடுகள். கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன். விளக்குப் போட்ட காவலாளி, “லைட்டு ஜாஸ்தி பண்ணவா, கம்மி பண்ணவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்குமிங்கும் நடந்தேன். நடக்கும்போதுதான் புரிந்தது. கரன்ட் ஒரே சீராக வருவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. அதற்கேற்ப விளக்கும் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. என் ஷட்டர் அந்தத் துடிப்பைவிட வேகமாக ஓடியிருக்கிறது. மெதுவாக்கினேன். கோடுகள் போய்விட்டன. காலி நாற்காலிகள் இவ்வளவு அழகு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் கூடை நிறையப் போன்கள். மாடியில் மல்லிகை வாசமும் அத்தர் வாசமும் பிரியாணி வாசமும் ஒன்றாக ஏறி வந்தன. ஆப்ரின் அரக்குச் சிவப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கன்னத்தைப் பார்த்து எண்களை வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். வரிசையாக வந்தவர்கள், கட்டிக்கொண்டவர்கள், காதில் ரகசியம் சொன்னவர்கள், மருதாணிக் கை. பத்தில் ஆறு தேறியது. இரண்டு பெரியம்மாக்கள் எதையோ சொல்லிச் சிரித்த படம் உண்மையாகவே நன்றாக வந்தது. எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது.

“மாமா வராங்க” என்று ஷமீம் ஓடிவந்தாள். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் தூணோரம் இடம் பிடித்தேன். ஆப்ரினின் மாமா முன்னால் வந்தார், பின்னால் இரண்டு சாட்சிகள். மாமா தொண்டையைச் செருமினார்.

கரன்ட் போய்விட்டது.

ஜன்னல்களை அலங்காரத் துணி மூடியிருந்தது. ஒரு நொடி கூச்சல், பிறகு யாரோ “ஜெனரேட்டர் போடுவாங்க, இருங்க” என்றார்கள். மாமா காத்திருக்கவில்லை. கீழே எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம் அவருக்கு. கேள்வி இருட்டில் கேட்டது. நான் அழுத்தினேன். கறுப்பு. திரும்ப அழுத்தினேன். கறுப்பு. என் விரல் சக்கரத்தைத் திருகியது, எந்தப் பக்கம் என்று யோசிக்காமல், பதினைந்து வருடமாகத் திருகிய பக்கமே திருகியது. கறுத்தால் குறை. எக்ஸ்ரே அறையில் அது சரி. இங்கே அது இன்னும் கறுப்பு.

“சம்மதம்” என்ற ஆப்ரினின் குரல் தெளிவாகக் கேட்டது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது அவள் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமேல் முக்காடு. முகம் தெரியவில்லை.

மாமா போய்விட்டார். கீழே நிக்காஹ் முடிந்து ஓதும் துஆ பிரார்த்தனையும் ஆமீன் சத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டன. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நான் தூணோரமே நின்றிருந்தேன். ஷமீம் என் தோளில் கைபோட்டுத் திரையைப் பார்த்தாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. தோளைத் தட்டிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பந்தி நேரத்தில் என்னால் இலைமுன் உட்கார முடியவில்லை. மணமகள் அறைக்குப் போனேன். ஆப்ரின் பிரட் அல்வாவை மருதாணி கலையாமல் ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தாள். “ஆப்ரின், அம்மா கேட்ட படம் வரல. என் தப்புதான். கரன்ட் போனது பாதி, நான் தப்பாத் திருக்குனது பாதி” என்றேன்.

ஸ்பூன் நின்றது. “அப்படியா” என்றாள். பிறகு, “இருட்டுல நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியல அக்கா” என்றாள். கடைசி வாய் அல்வாவையும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “மாமாவக் கூப்புடுங்க” என்றாள்.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. “ஒரு தடவ கேட்டாச்சும்மா. நிக்காஹ்வும் முடிஞ்சிடுச்சு. அதுதான் செல்லும்.”

“செல்லறதுக்கு இல்ல மாமா. அம்மாவுக்கு.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அம்மா அவருடைய கூடப் பிறந்த அக்கா. “சரி, வா. மாப்ள வூட்டு வண்டி கெளம்பறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்” என்றார்.

வீடு அடுத்த தெருவில். நான் முன்னால் ஓடினேன். அம்மாவின் அறை ஜன்னலை முழுக்கத் திறந்தேன். மத்தியான வெளிச்சம் பக்கத்துச் சுவரில் பட்டு மெதுவாக உள்ளே வந்தது. அம்மாவைத் தலையணையில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். புதுப் புடவை, முக்காடு. நான் என் கன்னத்தையே படம் எடுத்துப் பார்த்தேன். துவாரத்தை முடிந்த மட்டும் விரித்தேன். சில்லின் கூர்மையைக் கூட்டினேன். படம் கொஞ்சம் மணல் மணலாக வரும், வரட்டும். ஷட்டரை அதற்குமேல் மெதுவாக்கவில்லை, ஏனென்றால் இது பாறையில்லை, முகம். விரலைப் பார்த்துக்கொண்டே திருகினேன். கறுத்தால் கூட்டு.

ஆப்ரின் படியேறி வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்தாள். மாமா கால்மாட்டில் நின்றார். மண்டபத்தில் அவர் குரலில் இருந்த அவசரம் இப்போது இல்லை. மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் முழுதாகச் சொன்னார். “உன்ன நிக்காஹ் பண்ணிக் குடுக்க உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டார். கேட்கும்போது அவர் ஆப்ரினைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

ஆப்ரின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்து ஏதோ தொடங்கினார், வரவில்லை. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஆப்ரினின் உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தின் நடுவில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு ஏறி வந்தது, கள்ளத்தனமான, பள்ளிக்கூடப் பெண்ணின் சிரிப்பு.

“எனக்கு இஷ்டம்மா” என்றாள். “அவரு நல்லவருதான். நாங்க ரெண்டு மாசமா போன்ல பேசிக்கினுதான் இருக்கோம்.”

மாமா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுத்தினேன்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அம்மா இடது கையை என் பக்கம் நீட்டினார். கேமராவைக் கொடுத்தேன், கனம் தாங்க அடியில் என் கையையும் வைத்துக்கொண்டேன். படத்தில் மணல் இருந்தது. மாமாவின் முழங்கை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் ஆப்ரினின் முகம் இருந்தது, அழுகையும் சிரிப்புமாக, அந்த இரண்டுக்கும் நடுவில் மறைக்க ஒன்றுமில்லாமல்.

அம்மா வெகுநேரம் பார்த்தார். “மை” என்றார். கட்டைவிரலால் திரையில் ஆப்ரினின் கண்ணுக்குக் கீழே துடைத்தார். போகவில்லை. இன்னொரு முறை துடைத்தார். பிறகு கேமராவை விட்டுவிட்டு, நிஜக் கன்னத்தைத் தொட்டு, கலைந்திருந்த மையைத் துடைத்தார்.

ஹாரன் இன்னும் இரண்டு முறை கேட்ட பிறகுதான் ஆப்ரின் எழுந்தாள். ஷமீமும் மாமாவும் அவளோடு கீழே போனார்கள். தெருவில் அழுகைச் சத்தம், பிறகு கார்க் கதவுகள், பிறகு ஒன்றுமில்லை.

எனக்கு ஊருக்கு பஸ் இருந்தது. என் பை தயாராகக் கதவோரம் நின்றது. கிளம்புகிறேன் என்று சொல்லக் குனிந்தேன். அம்மா கேமராவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டிருந்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்த படம் வரும் என்று காட்டினேன். அவர் கல்யாணப் படங்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். கூடை நிறையப் போன்கள், கட்டிக்கொண்டவர்கள், சிரித்த பெரியம்மாக்கள். ஒவ்வொன்றிலும் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தேடி, கண்டுபிடித்து, பெயர் சொல்ல முயன்று, நான் சரியாகத் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்தார். மேலே வந்த ஷமீம் ஒரு தட்டில் பிரியாணியும் தால்ச்சாக் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “உன் பஸ்ஸு?” என்றாள்.

அம்மா இப்போதுதான் மூன்றாவது படத்துக்கு வந்திருந்தார். நான் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் தால்ச்சா ஊற்றச் சொன்னேன்.